பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று கிளட்ச்: எதை வாங்குவது, எதை விடுவது

பழைய போர்ஷே 944 ஒன்றை விலை பேசப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பது. இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும்: கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருப்பது ரப்பரா, ஸ்பிரிங்கா?

1982 முதல் 1991 வரை தயாரான கார் அது. கம்பெனியே பொருத்தி அனுப்பிய கிளட்ச் பிளேட்டுகளில் பலவற்றில் நடுவே ரப்பர் இருந்தது. அந்த ரப்பருக்கு இன்று வயது நாற்பதை ஒட்டி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பிரிங் வைத்த பிளேட்டை மாட்டுங்கள் என்றுதான் அந்தக் காரில் கைவைத்த மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். கம்பெனியில் வந்தது அப்படியே வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்தான் இங்கே தப்பான சாமானை வாங்குகிறார்.

ஒரிஜினல் என்றால் நல்லது, வெளியில் வாங்கினால் மட்டம் என்ற கணக்கு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கிளட்ச் விஷயத்தில் பாதிதான் செல்லும். ஏன் என்று புரிய, முதலில் கிளட்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உள்ளே இருப்பவை

இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முனையில் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அது ஃப்ளைவீல். அதன் முகத்தை ஒட்டி கிளட்ச் பிளேட். இருபுறமும் உராய்வு லைனிங் ரிவெட் அடித்த, நடுவில் பல் வெட்டிய துளையுள்ள வட்டத் தகடு இது. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் அந்தத் துளைக்குள் நுழைந்திருக்கும். பிளேட்டுக்கு மறுபக்கம் பிரஷர் பிளேட். அது ஃப்ளைவீலோடு சேர்த்து இறுக்கப்பட்டு, உள்ளே இருக்கும் தட்டு வடிவ டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் பலத்தால் கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு வைத்து நெரிக்கும். இந்த நெரிப்பினால்தான் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது.

பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் நகர்ந்து டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும் அல்லது இழுக்கும். நெரிப்பு விலகும், பிளேட் தனியாக நிற்கும், கியர் மாற்றலாம். பெடலுக்கும் பேரிங்குக்கும் நடுவே சில கார்களில் கேபிள், சிலவற்றில் திரவ அழுத்தத்தால் தள்ளும் ஹைட்ராலிக். டர்போ இல்லாத போர்ஷே 911-ல் 1986 வரை கேபிள். 1987-ல் ஜி50 கியர்பாக்ஸ் வந்தபோதுதான் ஹைட்ராலிக்குக்கு மாறினார்கள்.

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க், அதாவது சுழற்றும் விசை, தாங்கும் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: உராயும் முகங்கள், உராய்வுக் கெழு, நெரிக்கும் விசை, லைனிங்கின் சராசரி ஆரம். கணக்குக்காக முகங்கள் 2, கெழு 0.3, விசை 5,000 நியூட்டன், ஆரம் 0.095 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 285 நியூட்டன் மீட்டர். ஐரோப்பாவில் விற்ற சாதாரண 2.5 லிட்டர் 944 தந்த அதிகபட்ச டார்க் 205 நியூட்டன் மீட்டர்தான். ஆக, இந்த கிளட்ச் வழுக்காமல் தாங்கும், கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். அதே கிளட்சை 330 நியூட்டன் மீட்டர் தரும் 944 டர்போவில் மாட்டினால் மேட்டில் அழுத்தும்போதே வழுக்கும்.

கடைக்காரர் சொல்வதை எடைபோட இந்தப் பெருக்கல் உதவும். கிளட்ச் பலமாக வேண்டுமென்றால் இந்த நான்கில் ஒன்றையாவது கூட்டியாக வேண்டும். ஆரத்தைக் கூட்ட இடம் இருக்காது. முகங்களைக் கூட்ட இரட்டைப் பிளேட் வேண்டும், அது ரேஸ் கார் சமாச்சாரம். மிச்சம் இரண்டுதான்: வலுவான ஸ்பிரிங், அல்லது அதிகம் பிடிக்கிற லைனிங். ஸ்பிரிங் வலுத்தால் உங்கள் இடது கால் வலிக்கும். லைனிங் பிடித்தால் கார் குலுங்கிக் கிளம்பும். இரண்டும் வேண்டாம், பலம் மட்டும் வேண்டும் என்றால் நடக்காது.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

சாமான் வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். கிளட்ச் கோளாறு இரண்டு வகை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் ஸ்லிப். பெடலை முழுதாக மிதித்தும் கியர் கரகரக்கிறது, முக்கியமாக ரிவர்ஸ் விழ மறுக்கிறது என்றால், பிளேட் சரியாக விலகவில்லை என்று பொருள்.

முதல் வகையில் பெரும்பாலும் லைனிங் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் அதில் எண்ணெய் பட்டிருக்கும். எப்படியும் கழற்றித்தான் ஆகவேண்டும். இரண்டாவது வகையில் அவசரப்படாதீர்கள். ஹைட்ராலிக் காராக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறதா, பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தம் பிடிக்கிறதா, பழைய ரப்பர் ஹோஸ் உப்புகிறதா என்று பார்த்துவிடுங்கள். 1989-ல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5 கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது ஊரறிந்த சங்கதி. சின்ன சாமான், வெளியிலிருந்தே மாற்றலாம். அதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கி முழு கிளட்ச் செட்டையும் மாற்றிவிட்டு, பழைய கோளாறு அப்படியே இருக்கிறதே என்று தலையில் கைவைத்தவர்கள் உண்டு. கேபிள் காரிலும் அப்படித்தான். கேபிள் இழுபட்டிருக்கலாம், பெடல் அச்சின் புஷ் தேய்ந்திருக்கலாம்.

அந்த ரப்பர்

இன்ஜினின் சுழற்சி ஒரே சீராக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது ஓர் உந்து, அப்புறம் ஒரு தளர்வு. இந்த அதிர்வு நேராக கியர்பாக்ஸுக்குப் போனால், நியூட்ரலில் நிற்கும்போது உள்ளே பற்கள் ஒன்றோடொன்று தட்டிக் கடகடக்கும். அதைத் தணிக்கத்தான் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியைச் சுற்றிச் சின்னச் சின்ன சுருள் ஸ்பிரிங்குகள் வைப்பது.

போர்ஷே இன்னும் அமைதி வேண்டும் என்று ஸ்பிரிங்குக்குப் பதில் தடித்த ரப்பரை வைத்துப் பார்த்தது. 1978 முதல் 1983 வரை வந்த 911 எஸ்.சி. காரிலும் இது உண்டு. புதிதாக இருந்தவரை வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் ரப்பர் சூட்டிலும் வயதிலும் காய்ந்து வெடிக்கும். வெடித்தால் 944-ல் பெடலை விடும்போதும் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் டங்கென்று ஓர் அடி கேட்கும். 911 எஸ்.சி.யில் பிய்ந்த துண்டுகள் உள்ளேயே மாட்டிக்கொண்டு கிளட்ச் விலகாமல் போவதும் உண்டு. லைனிங் பாதிகூடத் தேய்ந்திருக்காது, பிளேட் செத்திருக்கும்.

ஸ்பிரிங் வைத்த மாற்று பிளேட் போட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் கேட்கும், அவ்வளவுதான். கடையில் அடிபடாமல் பெட்டியிலேயே இருந்த பழைய ரப்பர் பிளேட் எப்போதாவது விற்பனைக்கு வரும். கம்பெனிப் பெட்டி, சீல் உடைக்காதது என்று ஆசை காட்டுவார்கள். ரப்பருக்குப் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். பழைய ஹைட்ராலிக் சீல்களுக்கும் இதே கதைதான்.

பெட்டியும் உள்ளே இருப்பதும்

மாற்று சாமான் என்று மொத்தமாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள் வேறுவேறு ஜாதிகள் இருக்கின்றன.

கார் கம்பெனிகள் பெரும்பாலும் கிளட்சைத் தாங்களே செய்வதில்லை. போர்ஷேக்குச் செய்து கொடுத்தது சாக்ஸ். 1895-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிக்டல் உண்ட் சாக்ஸ் என்று தொடங்கி, 2001-ல் இசட்.எஃப். குழுமத்தோடு சேர்ந்த நிறுவனம். அவர்கள் செய்த பிளேட் போர்ஷே பெட்டியில் வந்தால் ஒரு விலை, சாக்ஸ் பெட்டியில் வந்தால் அதைவிடக் குறைந்த விலை. சில சமயம் சப்ளையர் பெட்டியில் வரும் சாமானில் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் மட்டும் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும். என்னைக் கேட்டால், சாலையில் ஓட்டும் பழைய காருக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. ஜப்பானிய கார்களுக்கு எக்ஸெடி, ஐசின் பெயர்களை இதேபோல் நம்பலாம். எக்ஸெடி 1995 வரை டைகின் என்ற பெயரில் இருந்தது, அதனால் பழைய பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெட்டியில் எந்த நாட்டில் செய்தது என்று போட்டிருப்பதை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். ஜெர்மன் பெயரான லூக் கிளட்ச் நம் ஓசூரிலும்தான் தயாராகிறது. பெரிய நிறுவனங்களுக்குப் பல நாடுகளில் ஆலை உண்டு. பார்க்க வேண்டியது வேறு: சாமானின் மேலேயே தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறதா, ரிவெட்டுகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, டயாஃப்ரம் விரல் நுனிகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா. போலிச் சாமான் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் பெயர் தெரியாத மலிவு நகல்கள். அன்றாடம் ஓடும் சின்ன காரில் ஒருவேளை ஓடிவிடும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் நான் சொல்லமாட்டேன், காரணம் கீழே கூலிக் கணக்கில் வருகிறது. பழுது பார்த்துத் திரும்ப விற்கும் பிரஷர் பிளேட்டுகளும் உண்டு. முகத்தை மட்டும் கடைந்து பெயிண்ட் அடித்துவிட்டு, சூட்டில் தளர்ந்த பழைய டயாஃப்ரம் ஸ்பிரிங்கை அப்படியே விட்டிருந்தால் அதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் சாமானே கிடைக்காத அபூர்வ கார்களுக்கு உங்கள் சொந்தப் பிளேட்டையே கொடுத்துப் புது லைனிங் ஒட்டி வாங்குவது நல்ல வழி.

கடைசி ஜாதி, பலம் கூட்டிய செட்டுகள். 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2', 'ஸ்டேஜ் 3' என்று போட்டிருக்கும். இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் 2 இன்னொன்றின் 1 ஆக இருக்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், பெடல் எவ்வளவு கனக்கும், லைனிங் எது, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை.

லைனிங் வகைகளில் சாலைக்கு ஆர்கானிக் எனப்படும் நார்-பிசின் கலவைதான் சுகம். மெதுவாகப் பிடிக்கும், டிராஃபிக்கில் ஊர்ந்து போகலாம். கெவ்லார் கலந்தது நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பழக நாளாகும், ஒருமுறை சூடேறிப் பளபளத்துவிட்டால் பழைய பிடி திரும்புவது கஷ்டம். செராமிக் துண்டுகள் பதித்த பிளேட் சூட்டுக்கு அசையாது, ஆனால் ஸ்விட்ச் மாதிரி சட்டென்று பிடிக்கும். ரேஸ் டிராக்கில் சரி, சிக்னலில் தண்டனை. இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யாத 911 எஸ்.சி.க்கோ 944-க்கோ செராமிக் தேவையே இல்லை. வலுவான பிரஷர் பிளேட் போட்டால் வேறொரு செலவும் கூட வரும்: ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மீது கூடுதல் பாரம் விழும், கேபிள் கார் என்றால் கேபிளும் சீக்கிரம் இழுபடும்.

பொருந்துமா?

சரி, நல்ல பெயர், சரியான வகை. இனி பொருந்த வேண்டும். பழைய கார்களில் பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான்.

முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1.6 லிட்டர் காரில் 200 மி.மீ. பிளேட், பின்னால் வந்த 1.8-ல் 215 மி.மீ. பெரிய கிளட்ச் வேண்டும் என்று 1.6-ல் 1.8-ன் செட்டைப் போடுகிறவர்கள் நிறைய. போடலாம், ஆனால் 1.8-ன் ஃப்ளைவீலும் சேர்ந்து வர வேண்டும். செட்டை மட்டும் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றியிருந்தால் நிலைமை தலைகீழ்: உங்கள் கார் 1.6, ஆனால் உள்ளே கேட்பது 215.

டாட்சன் 240இசட் வரிசையில் தந்திரம் இன்னும் நுட்பமானது. ரிலீஸ் பேரிங் ஒரு காலரின் மேல் உட்காரும். எந்தப் பிரஷர் பிளேட்டோ அதற்கேற்ற நீளத்தில் காலர். 225 மி.மீ. செட்டும் 240 மி.மீ. செட்டும் கலந்து கிடைப்பதால், பழைய காலரைப் புது பிரஷர் பிளேட்டோடு போட்டுவிடுகிறார்கள். பெடல் தரைவரை போகும், கிளட்ச் விலகாது. செட்டில் ஒரு குறையும் இருக்காது, ஜோடிதான் தப்பு.

ஃப்ளைவீலும் ஜோடியில் சேர்த்திதான். 1989-ல் வந்த 964 வகை 911-ல் இரட்டைப் பொருண்மை ஃப்ளைவீல், அதாவது ஒன்றோடொன்று இணைத்த இரண்டு துண்டுகளாலானது. அதிர்வைத் தணிக்கும் வேலையை ஃப்ளைவீலே செய்வதால், அதோடு வரும் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் கிடையாது. எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாறினால் ஸ்பிரிங் வைத்த பிளேட்டும் வேண்டும். மாறிய பின் கியர்பாக்ஸ் கடகடக்கும், ஐடிலில் இன்ஜின் நின்றுவிடும் தொல்லையும் வரலாம். அந்தக் காரின் லேசான ஆர்.எஸ். மாடலில் கம்பெனியே இப்படித்தான் வைத்தது, வாங்கியவர்களும் தெரிந்தே வாங்கினார்கள்.

944-ல் இன்னொரு விசேஷம். இன்ஜின் கம்ப்யூட்டருக்கு சுற்று எண்ணிச் சொல்லும் இரண்டு சென்சார்கள் ஃப்ளைவீலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஒன்று பல் வளையத்தின் பற்களை எண்ணும், இன்னொன்று ஃப்ளைவீலில் பதித்த ஒரு சின்ன ஊசியைப் பார்க்கும். மலிவு விலையில் கிடைத்தது என்று ஊசி இல்லாத ஃப்ளைவீலை மாட்டினால் கார் கிளம்பவே கிளம்பாது. சென்சாருக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி 0.8 மி.மீ. புது கிளட்ச் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஆகவே, கார் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். சேஸி எண், கியர்பாக்ஸ் எண் இரண்டும் கொடுங்கள். முடிந்தால் முதலில் கழற்றி, பழைய பிளேட்டின் விட்டத்தை அளந்து, பற்களை எண்ணிவிட்டு வாங்குங்கள். கார் சில நாள் ஸ்டாண்டில் நிற்கும்தான், நிற்கட்டும்.

கூலிக் கணக்கு

944-ன் இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவே இரண்டையும் இணைக்கும் நீளமான குழாய், டார்க் டியூப். கிளட்ச் இன்ஜின் பக்கம். அதை எட்ட சைலன்சர் குழாய், டிரைவ் ஷாஃப்டுகள், கியர்பாக்ஸ் என்று வரிசையாகக் கழற்றி டியூபைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். கைதேர்ந்தவருக்கே ஒரு முழு வேலைநாளை விழுங்கும். 911-ல் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழே இறக்க வேண்டும். 1962 முதல் 1980 வரை வந்த பிரிட்டிஷ் எம்.ஜி.பி.யிலும் இன்ஜின் வெளியே வந்தாக வேண்டும். இவ்வளவு கூலி கொடுத்துத் திறந்தபின் பிளேட் விலையில் குறைப்பது, கிணறு வெட்டிவிட்டுக் கயிற்றில் மிச்சம் பிடிக்கிற மாதிரி.

அதனால் பிளேட் மட்டும் மாற்றுவது என்ற பேச்சே வேண்டாம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக. கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் கிராங்க் முனையில் இருந்தால் அதுவும். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் மெயின் சீலை மாற்றாமல் மூடவே கூடாது. அது கசிந்தால் புது லைனிங்கில் எண்ணெய் இறங்கி, செலவழித்தது அத்தனையும் போச்சு. ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கின் அச்சுப் பேரிங், ஸ்லேவ் சிலிண்டர், அந்த ஹோஸ், இவையும் இப்போதே. எம்.ஜி.பி.யின் ரிலீஸ் பேரிங் உருளைகள் கொண்டதல்ல, கிராஃபைட் கட்டி. பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் அது கரைந்துபோகும். உருளை பேரிங்காக மாற்றும் செட்டுகள் கிடைக்கின்றன.

ஃப்ளைவீலைப் பார்த்து முகத்தில் நீலத் திட்டுகளோ மயிரிழை விரிசல்களோ இருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். கிளட்ச் உட்காரும் முகமும் பிரஷர் பிளேட் இறுகும் விளிம்பும் ஒரே மட்டத்தில் இல்லாத ஃப்ளைவீல்கள் உண்டு. ஒன்றைக் கடைந்தால் மற்றதையும் அதே அளவு கடைய வேண்டும், இல்லையென்றால் நெரிப்பு விசையே மாறிவிடும். லேத்காரரிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கழற்றும்போது கவனம் ஒன்று: பல பத்தாண்டு பழைய பிளேட்டின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள்.

மாட்டும்போது

புது பிளேட்டை முதலில் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் கையால் நுழைத்துப் பாருங்கள். இடறாமல் நகர வேண்டும். பற்களில் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும், வழிந்தால் லைனிங்குக்குப் போய்விடும். எந்தப் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும் என்று ஜெர்மன் பிளேட்டுகளில் அச்சடித்திருப்பார்கள். திருப்பி மாட்டினால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடிக்கும். மையத்தில் நிறுத்த பிளாஸ்டிக் குச்சி ஒன்று பல செட்டுகளில் கூடவே வரும், அதைப் பயன்படுத்துங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கவர் வளைந்துவிடும், பெடலை விடும்போது கார் உதறும்.

ஆர்கானிக் லைனிங்குக்கு முதல் 500 மைல், அதாவது சுமார் 800 கி.மீ., ஊருக்குள் சாதாரணமாக ஓட்டிப் பழக்கச் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் நேராக ஓட்டினால் இந்தக் கணக்கில் அது அதிகம் சேராது, கிளட்ச் பிடித்து விடுவதில்தான் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று படிகின்றன. இந்த நாட்களில் மேட்டில் அரைக் கிளட்சில் நிறுத்தி வைப்பதும், சுற்றை ஏற்றிவிட்டு பெடலை உதறிக் கிளம்புவதும் கூடாது. லேசான கருகல் வாசனை ஆரம்பத்தில் வரலாம். வாசனை போகாமல் இருந்து, கூடவே ஸ்லிப்பும் தெரிந்தால், பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் விலகத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் இடம், இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் கார்களில் அந்த இடத்தை விட்டுவைக்காமல் இறுக்கிவிடுவதுதான் வழக்கமான காரணம்.